பத்தாம் நாள்

கிட்டங்கித் தாம்போதிக்கு மேலாக மாரிவெள்ளம் பாயத் தொடங்கிவிட்டால் நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் இடையே உள்ள நேர்வழி அடைபட்டுப் போகும். உத்தியோகத்துக்குப் போவோரும் பாடசாலைப் பிள்ளைகளும் சுற்றுவழி தேடுவர். அல்லது வெள்ளம் வடியும்வரை வீட்டிலேயே இருப்பர். அத்தகைய ஒரு டிசம்பர் விடுமுறையில்தான் மூத்தவாப்பா தமது சாய்மனைக் கதிரைக்கு அருகே என்னை அழைத்து, ஒரு விண்ணப்பம் எழுதித் தரவேண்டும் என்றார். பல்கலைக்கழகத்திற் படிக்கும் பிள்ளை ஒன்று வீட்டில் இருக்குமானால் அயலவரின் விண்ணப்பங்களெல்லாம் அதன் தலையிலேயே வந்து விழும். காணி உத்தரவுப்பத்திரம், உரக் கொடுப்பனவு, பிறப்பத்தாட்சிப் பத்திரத்திற் பிழையாக விழுந்த பெயர் என்று அதுவரை எத்தனையோ எழுதிக் கொடுத்திருந்தேன். மூத்தவாப்பா கேட்டது அவற்றுள் ஒன்றன்று. தமது இராணுவச் சேவைப் பதிவில், அரை நூற்றாண்டுக்கு முன்னர் எழுதப்பட்ட ஒரு வரியைத் திருத்தவேண்டும் என்றார்.

அவர் இராணுவத்தில் இருந்தவர் என்பதையே நான் அன்றுதான் அறிந்தேன்.

எண்பதைக் கடந்த அந்த மனிதரை வயற்காரராகவே நான் கண்டு வளர்ந்தேன். கல்லோயாத் திட்டத்தின் நீரை நம்பி இரண்டு போகமும் விதைப்பதும், வாய்க்காலிற் தண்ணீர் வரத் தவறினால் இரவிலேயே எழுந்து போய்ப் பார்ப்பதும், ஐந்து வேளைத் தொழுகையும், மாலையில் ஒரு பிளேன்ரீயும் அவருடைய உலகம் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் இளமையில் அவர் கொழும்பிலே ஒரு வியாபார நிலையத்தின் பண்டகசாலையில் வேலை பார்த்திருக்கிறார். அக்காலத்தில் நண்பர் ஒருவரின் தூண்டுதலால் தொண்டர் படையில் சேர்ந்திருக்கிறார்.

தொண்டர் படை என்பது யாது என இன்றைய தலைமுறையினர் பலர் அறியார். 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டம் நமது நாட்டின் இராணுவத்தை அமைத்தபோது நிரந்தரப் படையை மட்டும் கருதவில்லை. அதனோடு சேமப்படைக்கும் தொண்டர் படைக்கும் இடம் வகுத்தது. அதற்கு முன்னர் 1910 முதல் இயங்கிய இலங்கைப் பாதுகாப்புப் படையும் பெரும்பாலும் தொண்டர்களாலேயே ஆனது. தொண்டர் என்பவர் பகலில் லிகிதராகவோ கடைச் சிப்பந்தியாகவோ இருப்பார். வார இறுதியிலே அணிநடை பயில்வார். ஆண்டுக்கொரு முறை பயிற்சி முகாமுக்குப் போவார். நாட்டுக்கு நெருக்கடி நேருமிடத்து அழைப்பு வரும், அப்போது அவர் முழுநேரப் படைவீரராகிவிடுவார். மூத்தவாப்பா அதிற் சேர்ந்தமைக்குத் தேசபக்தியைக் காரணமாகச் சொல்லவில்லை. சப்பாத்து இலவசமாகக் கிடைத்தது என்றார்.

1971ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. ஏப்ரல் 5ஆம் திகதி நாட்டின் பல பாகங்களிலும் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டு, மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. அப்போதைய இராணுவம் அளவிற் சிறியது. ஆகவே தொண்டர்களும் சேவைக்கு அழைக்கப்பட்டனர். மூத்தவாப்பாவின் பிரிவினர் மறுநாளே சமுகமளிக்க வேண்டியிருந்தது. அவரோ அவ்வேளை லீவு பெற்று ஊருக்கு வந்திருந்தார். வானொலியிற் செய்தி கேட்டுப் புறப்பட்டவர் கல்முனைக்கு வந்தார், பஸ் இல்லை. பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் மாட்டுவண்டியிலுமாக மட்டக்களப்பை அடைந்தார். கொழும்புக்குப் போக வழியில்லை. ஊரடங்குச் சட்டம். தெரிந்த ஒருவரின் கடைத் திண்ணையில் நாட்களைக் கழித்து, ஈற்றில் அநுமதிப்பத்திரம் பெற்ற ஒரு லொறியிற் கருவாட்டு மூட்டைகளின் மேற் படுத்து, பத்தாம் நாள் தமது முகாமைச் சென்றடைந்தார்.

அவருடைய பிரிவினர் அதற்குள் வெளிமாவட்டம் ஒன்றுக்குச் சென்றுவிட்டனர். எனவே அவரை வேறொரு குழுவோடு தற்காலிகமாக இணைத்து, ஒரு பாலத்துக்குக் காவல் நிறுத்தினர். ஏழு மாதங்கள் அந்தப் பாலத்தைக் காத்தார். ஒரு தடவையேனும் துப்பாக்கியால் சுட்டதில்லை என்று அவர் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். ஆனால் அவருடைய சொந்தப் பிரிவின் இடாப்பில் ஏப்ரல் 6ஆம் திகதிக்கு எதிரே ‘சமுகமளிக்கவில்லை’ என்று எழுதப்பட்டது. அந்த வரிக்குக் கீழே வேறெதுவும் எழுதப்படவில்லை. தற்காலிக இணைப்பைக் குறித்த கடதாசி அவருடைய கோவைக்கு வந்து சேரவேயில்லை. சில ஆண்டுகளின் பின் படையிலிருந்து விலகியபோது கொடுக்கப்பட்ட பத்திரத்திலும் அந்த வரியே ஏறியது. சிங்களம் சரளமாகப் பேசுவார். எழுத்து வாசிக்கத் தெரியாது. பத்திரத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். பின்னர் ஓரிடத்திற் காவலாளி வேலைக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான், மேசைக்கு அப்பாலிருந்தவர் அதை வாசித்து, “அழைத்த நேரத்தில் வராதவனுக்கா காவல் வேலை?” என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கே ஊருக்குப் புறப்பட்டுவந்தவர், அதன் பின் கொழும்புக்குப் போகவில்லை.

அந்தப் பத்திரம் எங்கே என்று கேட்டேன். எரித்துவிட்டேன் என்றார்.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் கிழக்கிலே போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டின் நடுப்பகுதி எமது கரையோரத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் எப்படிப்பட்டதாக இருந்தது என்பதை ஈண்டு விரிக்கப் புகின் இக்கட்டுரை வேறொன்றாகிவிடும். ஒருவரது வீட்டில் இருக்கும் ஒரு கடதாசியே அவருடைய உயிரைத் தீர்மானிக்கலாம் என்ற நிலை இருந்தது என்பதைச் சொன்னாற் போதும். அரச படையிற் சேவை செய்தமைக்கான சான்று பெட்டிக்குள் இருப்பதை எண்ணி மூத்தம்மா மூன்று இரவுகள் உறங்கவில்லையாம். நான்காம் நாள் சுபஹுத் தொழுகைக்குப் பின், அடுப்பிலே பத்திரத்தையும் சீருடையோடு எடுத்த ஒரே படத்தையும் வைத்தார் மூத்தவாப்பா. சில வருடங்கள் கழித்து, சோதனைச் சாவடிகளிலே மணிக்கணக்காக வரிசையில் நின்ற நாட்களில், அதே கடதாசி கையிலிருந்தால் எவ்வளவு உதவியிருக்கும் என்று வாப்பா சில வேளை சொல்வதுண்டு. மூத்தவாப்பா அதைப்பற்றி வருந்தவில்லை. அவருக்கிருந்த குறை வேறு. “என்ட கடதாசிய நான் எரிச்சிட்டன். அவங்கட பொத்தகத்துல இருக்கிறது எரியல்ல, மகள்” என்றார்.

நான் முதலில் எழுதிய விண்ணப்பத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வரலாற்றுப் பாடத்திற் சான்றுகளை நிறுத்துப் பார்க்கக் கற்றவள் என்ற இறுமாப்போடு, ‘மேற்படி பதிவு முற்றிலும் தவறானது, விண்ணப்பதாரர் எக்காலத்திலும் கடமைக்குச் சமுகமளிக்கத் தவறியவரல்லர், ஆகவே அந்த வரியை நீக்கிவிட வேண்டும்’ என்று கம்பீரமாக எழுதினேன். தமிழில் வாசித்துக் காட்டினேன். மூத்தவாப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பின்னர், “இது பொய்” என்றார்.

“ஒன்பது நாள் நான் போகல்ல. அது சரிதானே. பத்தாம் நாள் போனன். அத ஏன் எழுதல்ல எண்டுதான் நான் கேக்கன்.”

பஸ் ஓடவில்லை, ஊரடங்குச் சட்டம் இருந்தது, ஆகவே அது உங்கள் குற்றமன்று என்று வாதாடினேன். குற்றம் யாருடையது என்று அந்த இடாப்பில் எழுதவில்லையே, வரவில்லை என்றுதானே எழுதியிருக்கிறது, அது உண்மைதானே என்றார். அழிக்கச் சொல்லக் கூடாது. கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். என் அழகான விண்ணப்பத்தைக் கிழித்தேன்.

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பியபின், பிற நாடுகளிலே இத்தகைய விண்ணப்பங்களை எவ்வாறு நோக்குகின்றனர் என அறிய நூலகத்தில் தேடினேன். ஐக்கிய அமெரிக்காவிலே படைச் சேவைப் பதிவுகளைத் திருத்துவதற்கெனவே சபைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஒரு போர்வீரனின் பதிவிலுள்ள ஒரு சொல்லை மாற்றுவதற்குக் காங்கிரஸ் சபை அவனுக்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றவேண்டியிருந்தது. 1946ஆம் ஆண்டு அவ்வழக்கம் நிறுத்தப்பட்டு, அப்பொறுப்புப் படைத்துறைச் செயலாளர்களுக்கு அளிக்கப்பட்டது. அவர்கள் சிவிலியன்கள் அடங்கிய சபைகளின் மூலம் அதை நிறைவேற்றுகின்றனர். நிரந்தரப் படையினர் மட்டுமல்லர், சேமப்படையினரும் விண்ணப்பிக்கலாம். சேவை நாட்கள் குறைத்துக் கணிக்கப்பட்டன, ஓய்வூதியத்துக்குரிய ஆண்டு விடுபட்டது, விலகிய காரணம் பிழையாக எழுதப்பட்டது என்றெல்லாம் அவர்கள் முறையிடுகின்றனர். குறைபாட்டைக் கண்டறிந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீதியின் பொருட்டுச் சபை அக்கால எல்லையைப் புறக்கணிக்கலாம்.

இதில் என் கவனத்தைக் கவர்ந்தது வேறொரு நுட்பம். அச்சட்டம் இரண்டு காரணங்களுக்காகத் திருத்தம் செய்ய இடமளிக்கிறது: பிழையைத் திருத்துவதற்கு, அல்லது அநீதியை நீக்குவதற்கு. இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சட்டத்தை வரைந்தவர்கள் உணர்ந்திருக்கின்றனர். பிழையேதும் இல்லாத ஒரு பதிவும் அநீதியானதாக இருக்கலாம். ‘சமுகமளிக்கவில்லை’ என்ற வரியிற் பிழையில்லை. நாவிதன்வெளியில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு மூத்தவாப்பா எனக்குச் சொன்னதும் இதுவே. அவருடைய சொற்களில் எனக்கு அது விளங்கவில்லை, ஆங்கிலச் சட்டநூலில் வாசித்தபின்தான் விளங்கிற்று என்பது என் படிப்பைப்பற்றி ஏதோ சொல்கிறது.

விண்ணப்பிப்பவனே தன் கூற்றை நிரூபிக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. அரசாங்கப் பதிவு ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கும் என்ற அநுமானத்திலிருந்து விசாரணை தொடங்கும். ஆனால் நிரூபிக்கும் கடதாசிகள் யாரிடம் இருக்கின்றன? 1973 யூலை 12ஆம் திகதி சென் லூயிஸ் நகருக்கு அண்மையிலுள்ள தேசிய ஆளணிப் பதிவேட்டு நிலையத்தில் மூண்ட தீயினால் ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட கோவைகள் சாம்பலாயின. 1912க்கும் 1960க்கும் இடையில் தரைப்படையை விட்டு விலகியோரின் பதிவுகளில் நூற்றுக்கு எண்பது பங்கு அதில் அழிந்தது. பிரித்தானியாவின் முதலாம் உலகப்போர்ப் படைவீரர் பதிவுகளிற் பெரும்பகுதி 1940 செப்டெம்பரில் ஜேர்மன் விமானக் குண்டுவீச்சில் இலண்டனில் எரிந்தது. எஞ்சியவற்றை இன்றும் எரிந்த ஆவணங்கள் என்றே அழைக்கின்றனர். அரசாங்கத்தின் கடதாசி எரிந்தால் அதற்குப் பெயரும் இலக்கமும் திகதியும் உண்டு. அடுப்பில் எரிந்த கடதாசிகளுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? எமது பிரதேசத்தில் அடுப்பில் எரிந்தவையும், 2004 டிசம்பர் 26இல் கடலோடு போனவையும் எத்தனையோ.

பதவியால் உயர்ந்தவருக்கும் இவ்வலுவல் இலகுவானதன்று. இந்தியத் தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி. கே. சிங் தாம் பிறந்தது 1951இல் என்றார். இராணுவத் தலைமையகத்தின் ஒரு பிரிவு 1951 என்றும், மற்றொரு பிரிவு 1950 என்றும் பதிந்து வைத்திருந்தன; சிறு வயதில் நிரப்பிய ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்தே அந்த முரண்பாடு தொடங்கியது. பாதுகாப்பு அமைச்சு அவருடைய முறைப்பாட்டை 2011 டிசம்பரில் நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் சென்றார். 2012 பெப்ரவரி 10ஆம் திகதி மனுவை மீளப் பெற்றுக்கொண்டார். இதைச் சொன்னபோது மூத்தவாப்பா மிகவும் ரசித்துச் சிரித்தார். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட படையினருக்குத் தலைவரானவர் ஓர் இலக்கத்தோடு தோற்றார் என்பது அவருக்கு ஏதோ ஒரு வகையில் ஆறுதலளித்தது போலும்.

நான் அவருக்குச் சொல்லத் தயங்கியது ஹரி ஃபார் என்பவரின் கதை. பிரித்தானியப் படைவீரர். ஷெல் வெடிப்பின் அதிர்ச்சியால் மனம் கலங்கி, 1915இல் ஐந்து மாதங்கள் வைத்தியசாலையிற் கிடந்தவர். மறு ஆண்டு போர்முனைக்குச் செல்ல மறுத்தமைக்காக, தமக்காக வாதாட ஒருவருமின்றி இராணுவ நீதிமன்றில் நின்று, கோழை எனத் தீர்க்கப்பட்டு, 1916 ஒக்டோபர் 18ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மகள் கெர்ட்ரூட் ஹரிஸ் முதுமையிலும் தளராது போராடினார். அவர் தொண்ணூறைக் கடந்திருந்த வேளையில், 2006ஆம் ஆண்டின் ஆயுதப் படைகள் சட்டத்தின் மூலம் ஃபாருக்கும் அவரைப்போற் கொல்லப்பட்ட ஏனையோருக்குமாக முந்நூறுக்கு மேற்பட்டோருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. ஆனால் அச்சட்டமே, இம்மன்னிப்பு முன்னைய தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது என்றும் சொல்கிறது. பழைய வரி நிற்கிறது. அதன் பக்கத்தில் மற்றொரு வரி வந்தது. முதலில் வாசித்தபோது இதனை ஓர் ஏமாற்று என்றே எண்ணினேன். மூத்தவாப்பா கேட்பதும் ஏறக்குறைய அதுவே என்பது பிறகுதான் உறைத்தது.

சான்று ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. தேடாத இடத்தில் இருந்தது என்று சொல்வதற்கில்லை. எவரும் சான்றென்று நினைக்காத இடத்தில் இருந்தது. மூத்தம்மா பள்ளிக்கூடம் போனவரல்லர். ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதப் பழகியவர். ஆகவே அவருக்கு அறபு எழுத்துத் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. அக்காலத்து முஸ்லிம் பெண்கள் பலர் அவ்வாறே இருந்தனர். அவர்களுக்கு வாசிப்பின் வாசல் அறபுத்தமிழ், அதாவது அறபு எழுத்தில் எழுதப்படும் தமிழ். கொழும்பிலிருந்து மூத்தவாப்பா மனைவிக்கு எழுதிய கடிதங்களெல்லாம் அறபுத்தமிழில் அமைந்தவை. அறபு எழுத்துள்ள தாளை எரிப்பதோ வீசுவதோ கூடாதென்று மூத்தம்மா அவற்றைப் பழைய குர்ஆன் பிரதியோடு சேர்த்து, அலுமாரியின் மேற்தட்டில் துணியிற் சுற்றி வைத்திருந்தார். 1990இல் அடுப்புக்குத் தப்பியதும் அதனாலேயே.

அவற்றுள் ஒரு கடிதத்தின் தலைப்பில் ஸபர் பிறை 20, ஹிஜ்ரி 1391 என்றிருந்தது. கணக்கிட்டுப் பார்த்தேன்: 1971 ஏப்ரல் 17ஐ ஒட்டிய நாள். தாம் வந்து சேர்ந்து இரண்டு நாளாயிற்று; யாரும் ஏசவில்லை; தம்முடைய ஆட்கள் போய்விட்டதால் வேறு ஆட்களோடு விட்டிருக்கிறார்கள்; ஒரு பாலத்தில் நிற்கிறேன்; சப்பாத்துக் கடிக்கிறது; வயலுக்குத் தண்ணீர் கட்டத் தம்பியை அனுப்பவும். அவ்வளவுதான் கடிதம். அரை நூற்றாண்டாக ஒரு கோவைக்குள் வந்து சேராத தகவல் அத்தனையும், சப்பாத்துக் கடித்ததோடு சேர்த்து, அதில் இருந்தது.

ஆனால் அதை எந்தக் காரியாலயம் வாசிக்கும்? தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் உண்டு. அறபுத்தமிழுக்கு எவரையும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஈற்றில் எங்கள் பள்ளிவாசலின் மௌலவி சொல்லுக்குச் சொல் உரத்து வாசிக்க, நான் தமிழ் எழுத்திற் பெயர்த்தெழுத, சமாதான நீதவான் ஒருவரின் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடித்தோம். அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தோம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தற்காலிக இணைப்பு இடாப்பு இருக்கிறதா எனக் கேட்டு மற்றொரு படிவமும் நிரப்பினேன். இரண்டாவது விண்ணப்பம் மூன்றே வாக்கியங்களில் அமைந்தது: ஏப்ரல் 6 முதல் 14 வரை நான் சமுகமளிக்கவில்லை. ஏப்ரல் 15ஆம் திகதி சமுகமளித்து, விடுவிக்கப்படும்வரை கடமையாற்றினேன். இரண்டாவதையும் பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன். மூத்தவாப்பா கையொப்பமிட்டார். கை நடுங்கியதால் ஓர் எழுத்துக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. வேறு தாளில் மீண்டும் இடவேண்டும் என்று அடம்பிடித்தார்.

பதிவுத் தபாலில் அனுப்பினோம். இரண்டு நினைவூட்டல் கடிதங்களும் எழுதினோம். பதில், கடந்த பெரும்போகத்தில் வந்தது. கிட்டங்கியில் வெள்ளம் நின்றதால் சில நாள் தாமதித்தே வீடு சேர்ந்தது. நான் வாசித்தேன். தேடப்பட்ட இடாப்புக் கிடைக்கவில்லை. ஆகவே மூலப்பதிவில் மாற்றம் செய்ய இயலாது. எனினும் விண்ணப்பதாரர் அனுப்பிய கடிதத்தின் பிரதியும் சத்தியக் கடதாசியும் அவரது கோவையில் இணைக்கப்பட்டுள்ளன.

எனக்குக் கோபம் வந்தது. மேன்முறையீடு செய்யலாம், வேறு வழிகளும் உண்டு என்று ஏதேதோ பேசினேன். மூத்தவாப்பா கைகாட்டி நிறுத்தினார்.

“நம்மட கடிதம் அதுக்குள்ள இரிக்கி எண்டு சொல்றாங்களா?”

“ஓம், இருக்கிறது.”

“எங்க வெச்சிருப்பாங்க? அந்த வரிக்கு முந்தியா, பிந்தியா?”

எனக்குத் தெரியவில்லை. கோவையில் புதிய கடதாசிகளை மேலே கோப்பது வழக்கம் என்று நினைக்கிறேன் என்றேன். அவர் சற்று யோசித்தார். “மேல எண்டா, திறந்த உடனே அதுதானே தெரியும்” என்றார். கடிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சேர்ட் பையிலிட்டுக்கொண்டு, டோர்ச்சை எடுத்தார். வாய்க்காலிற் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது.